பிட்புல் போன்ற

மார்ச் 3

அண்ணா,

போன்ல பேசினா நீ குறுக்கே பேசுவே, நான் கத்துவேன், ரெண்டு பேரும் பட்டுன்னு வச்சுடுவோம். ஞாயித்துக்கிழமை அதுதான் நடந்தது. அதனால எழுதறேன். எழுத்துல நீ குறுக்கே வர முடியாது. முடியற வரைக்கும் வாயை மூடிக்கிட்டுப் படிச்சுத்தான் ஆகணும்.

சனிக்கிழமை உன் பேப்பர், முதல் பக்கம்: ‘குடியிருப்புக்குள் புகுந்து சிறுமியைக் குதறிய பிட்புல்’. அது நீ போட்ட தலைப்பு. இல்லைன்னு சொல்லாதே. ‘புகுந்து’ன்னு வந்தாலே அது உன் கைதான்னு எனக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். மூணாவது மாடி தையல்காரம்மாவோட பொண்ணு, ரெண்டாங்கிளாஸ் படிக்குது. வியாழக்கிழமை சாயங்காலம் கீழே படிக்கட்டுகிட்ட ஒரு நாய் அதைக் கடிச்சிருச்சு. முழங்கைக்குக் கீழே தையல் போட்டிருக்காங்க. குழந்தை பயந்துபோயிருக்கு, வலியும் இருக்கும். அதை நான் சின்ன விஷயம்னு சொல்லலை. ஆனா ‘குதறிய’? அழுகைச் சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தப்ப ஒரு கருப்பு நாய் கேட்டைத் தாண்டி வெளியே ஓடினதைப் பார்த்திருக்கார். அதுக்கு மேல யாருக்கும் ஒண்ணும் தெரியாது. உங்க நிருபரே உள்ளே மூணாவது பத்தியில ‘பிட்புல் போன்ற ஒரு நாய் ஓடியதாகக் காவலாளி கூறினார்’னுதான் எழுதியிருக்கார். அந்த ‘போன்ற’ தலைப்புக்குப் போற வழியில எங்கே தொலைஞ்சது அண்ணா?

பக்கத்துல ஒரு படம் வேற. சங்கிலியை இழுத்துக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு. எந்த ஊர் நாயோ, யாரு என்ன தொந்தரவு பண்ணினப்ப எடுத்த படமோ. எங்க வளாகத்துல அப்படி ஒரு நாய் இல்லவே இல்லை.

ஆனா என் உருண்டை இருக்கான். கருப்பு. தலை கொஞ்சம் சதுரம். மார்பு அகலம். போதாதா? நேத்து லிஃப்ட்ல நாங்க ஏறினதும் ரெண்டு பேர் இறங்கிட்டாங்க. போன மாசம் வரைக்கும் ‘என்னடா குண்டா’ன்னு அவன் முதுகைத் தட்டினவங்க அவங்க. ரெண்டு வருஷமா அவன் இங்கே இருக்கான். அவன் தலை சனிக்கிழமை காலையிலதான் சதுரமாச்சு போல.

இன்னிக்கு அறிவிப்புப் பலகையில குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒரு தாள் ஒட்டியிருக்கார். ஆபத்தான நாய் இனங்கள்னு ஒரு வரிசை, பிட்புல்தான் முதல்ல. இந்த மாசக் கடைசியில கூட்டம். முடிவானா அந்த இன நாய்களை வெளியேத்தணுமாம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கார். ஊருக்கே பார்வை சரி பண்றவர், உருண்டையைப் பார்த்ததும் ஒரு படி பின்னாடி போறார்.

நான் அவனை எங்கே கொண்டுபோய் விடுவேன்? நீ பதில் சொல்லு.

தங்கை


மார்ச் 8

வாலு,

முழுதும் படித்தேன். வாயை மூடிக்கொண்டுதான்.

தலைப்பு என்னுடையது. ஒளிக்க ஒன்றுமில்லை. அது எப்படிப் பிறந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் உனக்கு இன்னும் கோபம் வரும். எனக்குக் கிடைத்த இடம் இரண்டு வரி, மூன்று பத்தி அகலம், பெரிய எழுத்து. ‘நாய்’ என்று போட்டால் இரண்டாவது வரி பாதி காலியாகக் கிடக்கும். ‘பிட்புல் போன்ற நாய்’ என்றால் பக்கத்துச் செய்தியில் போய் இடிக்கும். ‘பிட்புல்’ அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. பக்கம் அச்சுக்குப் போகிற அவசரத்தில் அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. அந்தப் படம், எங்கள் படக் கோப்பில் ‘நாய், கோபம்’ என்று தேடினால் முதலில் வருவது. இரண்டு மூன்று வருடமாக எல்லா நாய்க்கடிச் செய்திக்கும் அதே நாய்தான் பல்லைக் காட்டுகிறது என்று படப்பிரிவில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

உன் கடிதத்துக்குப் பிறகு நிருபரைப் பிடித்தேன். “காவலாளி எப்படிப் பிட்புல் என்று கண்டுபிடித்தார்?” என்று கேட்டேன். “நான்தான் சார் கேட்டேன், பிட்புல்லா இருக்குமான்னு. இருக்கலாம்னு தலையாட்டினார்” என்றார். “நீ பிட்புல் பார்த்திருக்கியா?” என்றேன். யோசித்தார். “நேர்ல இல்லை சார். நம்ம பேப்பர்ல பார்த்திருக்கேன்” என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. நாங்கள் அச்சடித்ததைப் பார்த்து அவர் கேட்கிறார். அவர் கேட்டதற்குக் காவலாளி தலையாட்டுகிறார். தலையாட்டியதை நாங்கள் மறுபடி அச்சடிக்கிறோம். இந்தச் சுற்றில் நாய் எங்கே இருக்கிறது?

ஒன்று கேட்கவேண்டும். கோபப்படாதே. அன்று சாயங்காலம் உருண்டை எங்கே இருந்தான்? கதவு பூட்டியிருந்தது உனக்கு நிச்சயமா? இங்கே யாராவது கேட்டால் நான் உறுதியாகச் சொல்லவேண்டும், அதற்காகத்தான்.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

கோபப்படாதேன்னு சொல்லிட்டுக் கேக்கற கேள்வி எல்லாமே கோபப்படறதுக்குன்னே இருக்கும். உன் கடிதத்தை ரெண்டா மடிச்சு அலமாரி மேல போட்டேன். ரெண்டு நாள் தொடலை.

கதவு பூட்டியிருந்தது. நான் பல் லேப்ல ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெருகு போட்டுட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தப்ப அவன் என் செருப்பு மேல தலையை வச்சுத் தூங்கிட்டு இருந்தான். போதுமா? ஆனா நீ கேட்டதுக்கு அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? நான் அவன் வாயைத் திறந்து பார்த்தேன். நாள் முழுக்கப் பல் செய்யறவ, என் நாயோட பல்லை ஏதோ போலீஸ் மாதிரி உத்துப் பார்த்தேன். அவன் அதை விளையாட்டுன்னு நினைச்சு என் மூக்கை நக்கினான். எனக்கே வெக்கமாப் போச்சு. என் சந்தேகம்னு ஒண்ணு இருந்திருந்தா அது உன் பேப்பர்ல இருந்து வந்ததுதான், நாய்கிட்ட இருந்து இல்லை.

சரி, திட்டி முடிச்சாச்சு. இப்ப விஷயத்துக்கு வரேன். உன் ‘சுற்று’ எனக்கும் மண்டையைக் குடையுது.

அவனை எடுத்துட்டு வந்த நாய்க் காப்பகத்துக்குப் போனேன். கூண்டுல ‘கலப்பு’ன்னு அட்டை போட்டிருந்தாங்களே, அது என்ன கலப்புன்னு கேக்கத்தான். அங்கே பொறுப்புல இருக்கற பொண்ணு சிரிச்சிட்டா. “எங்களுக்கு எப்படிக்கா தெரியும்? தெருவில இருந்து வருது. பார்த்து, தோணினதை எழுதுவோம்” அப்படின்னா. முன்னாடியெல்லாம் இனம் எழுதுவாங்களாம். ‘லாப்ரடார் கலப்பு’ன்னு எழுதினா அந்த வாரமே யாராவது வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ‘பிட்புல் கலப்பு’ன்னு எழுதினா மாசக்கணக்கா அங்கேயே கிடக்கும். ஒரு தடவை ஒரே வயித்துல பிறந்த ரெண்டு குட்டிகளுக்கு ரெண்டு பேர் வேற வேற அட்டை மாட்டிட்டாங்களாம். ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணு அங்கேயே வளர்ந்து பெரிசாச்சு. “அதுக்கப்புறம்தான் எல்லாத்துக்கும் கலப்புன்னு மட்டும் எழுத ஆரம்பிச்சோம்” அப்படின்னா.

செயலாளர்கிட்டயும் பேசினேன். மோசமான மனுஷன் இல்லை. “ஒரு குழந்தை ரத்தத்தோட நின்னதை நான் பார்த்தேன்மா. எதாவது செய்யணும் இல்லையா?” அப்படின்னார். மரபணுச் சோதனை செஞ்சு பிட்புல் இல்லைன்னு வந்தா உருண்டை இருக்கலாமாம். கன்னத்துக்குள்ள பஞ்சைத் தேய்ச்சு அனுப்பியாச்சு.

இன்னொரு விஷயம், இது உனக்கு மட்டும். மேல்வீட்டு பஸ் டிரைவர் அக்காவைச் சொல்லியிருக்கேன் இல்லையா? நகரப் பேருந்து ஓட்டறவங்க, குரல் ஹாரன் மாதிரி இருக்கும். அவங்க நாய் சீமாட்டி. வெளிறின பழுப்பு, மூஞ்சி முழுக்க நரை, முன்னாடி பல்லு பாதி இல்லை. “உங்க லேப்ல இதுக்கு ஒரு செட்டு கட்டிக் குடுக்க முடியுமா?”ன்னு என்னைக் கேட்டுச் சிரிப்பாங்க. வளாகத்துல எல்லாருக்கும் அது செல்லம். நேத்து அக்கா டீ குடுத்துட்டு மெதுவாச் சொன்னாங்க: “உன்னுது என்னவோ எனக்குத் தெரியாது. ஆனா சீமாட்டி சுத்தமான பிட்புல். குட்டியா வாங்கறப்பவே தெரியும். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை.”

அண்ணா, உண்மையைச் சொல்றேன். ஒரு நொடி நான் சீமாட்டியைப் பார்த்த பார்வை மாறிடுச்சு. நானே!

தங்கை


மார்ச் 18

வாலு,

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது. கேட்காமலும் இருந்திருக்க முடியாது. இரண்டும் உண்மை, இதோடு விடு.

நீ எழுதிய அந்த ‘ஒரு நொடி’யைப் பற்றி நிறைய யோசித்தேன். அதை அலுவலகத்தில் சோதித்துப் பார்த்தேன். உருண்டை சோபாவில் நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அனுப்பியிருந்தாயே, அதை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றன் கீழே ‘லாப்ரடார் கலப்பு’, இன்னொன்றில் ‘பிட்புல் கலப்பு’, மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஆளுக்கு ஒரு பிரதியைக் காட்டி, இந்த நாய் எப்படிப்பட்டது என்று மட்டும் கேட்டேன். லாப்ரடார் பார்த்தவர்கள் “சிரிக்குது”, “சோம்பேறி”, “குழந்தைகளோட நல்லா விளையாடும்” என்றார்கள். பிட்புல் பார்த்தவர்களில் கணக்குப் பிரிவு அம்மா சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. “நாக்கைப் பாருங்க, எதையோ கடிச்சிட்டு வந்து உக்காந்திருக்கு.” அதே நாக்கு! ஒன்றும் எழுதாத படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “இது என்ன இனம்?” அதைச் சொன்னால்தான் பார்க்கவே ஆரம்பிப்பார்கள் போல.

பிறகு கீழ்த்தளத்துக்குப் போனேன். பழைய இதழ்களைக் கட்டிவைத்திருக்கும் அறை. தும்மிக்கொண்டே நாய்ச் செய்திகளைத் தேடினேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு வெகு காலம் முன்பு, எங்கள் பத்திரிகையில் கொலைகார நாய் என்றால் அது ஷெப்பர்ட். ‘ஓநாய் ரத்தம்’ என்று ஒரு தலைப்பு. சில வருடம் கழித்து ஷெப்பர்ட் காணாமல் போகிறது, டாபர்மேன் வருகிறது. ‘மூளை வளர்ந்து மண்டையோட்டை அழுத்தும், அதனால் வெறி பிடிக்கும்’ என்று யாரோ எழுதியிருக்கிறார், யார் சொன்னது என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் ராட்வைலர். இப்போது பிட்புல். ஆள் மாறுகிறது, உடுப்பு மாறவில்லை. ‘திடீரென’, ‘வெறிகொண்டு’, ‘பாய்ந்து’. அதற்கிடையில் ஷெப்பர்ட் போலீஸ் நாயாகிப் பதக்கம் வாங்குகிறது, அதைப் பற்றிச் சிறப்புக் கட்டுரை!

இன்னொன்றும் கவனித்தேன். உள்பக்கத்தில் இரண்டு வரியில் முடிந்துபோன கடிகள் ஏராளம். அங்கெல்லாம் வெறும் ‘வளர்ப்பு நாய் கடித்தது’. எந்த இனம் என்று இல்லை. நல்ல பெயர் உள்ள நாய் கடித்தால் அதற்குப் பெயர் தேவைப்படுவதில்லை.

ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போடவேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பிட்புல் இல்லைன்னு உனக்குத் தெரியுமா? அப்ப எந்த நாய்?” என்று கேட்டார். அதைக் கேட்க நிருபரைத் தேடிப் போனேன். அவருக்கும் தெரியாது. நிருபர் காவலாளியிடம் கேட்டார், செயலாளரிடம் கேட்டார், மருத்துவமனையில் கேட்டார். படிக்கட்டில் நாயோடு இருந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான். அதனிடம் யாராவது கேட்டார்களா?

அண்ணன்


மார்ச் 24

அண்ணா,

நீ கேட்ட கேள்வியை நாங்க யாரும் கேக்கலை. ஒருத்தர்கூட. அதை எழுதறப்பவே கை கூசுது.

தையல்காரம்மா வீட்டுக்கு முன்னாடியே ஒரு தடவை போயிருந்தேன், கதவைச் சங்கிலியோட கொஞ்சமாத் திறந்து “குழந்தை தூங்குது”ன்னு சாத்திட்டாங்க. என் வீட்டு நாய் மேல அவங்களுக்கு என்ன எண்ணம்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தடவை லேப்ல போடற என் மேலங்கி பாக்கெட் கிழிஞ்சிருந்தது, நிஜமாவே கிழிஞ்சிருந்தது, அதை எடுத்துட்டுப் போனேன். வேலைன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. மெஷின் பக்கத்துல ஸ்டூல் போட்டாங்க.

குழந்தை துணி மூட்டை மேல உக்காந்திருந்தா. கையில கட்டு. என்னையே பார்த்துட்டு இருந்தவ, “உருண்டை ஏன் வரலை?”ன்னு கேட்டா.

மெஷின் நின்னுடுச்சு. நான் மெதுவா, “உனக்கு அவன்கிட்ட பயமா இல்லையா?”ன்னேன்.

“உருண்டை என்னைக் கடிக்கலையே.”

“வேற எது கடிச்சது?”

“மஞ்சள் நாய். பிஸ்கட் விளம்பரத்துல வருமே, அந்த மாதிரி. கீழ்வீட்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தவங்களோடது. படிக்கட்டுக் கம்பியில கட்டியிருந்தாங்க. தட்டுல சாப்பிட்டுட்டு இருந்துச்சு. நான் பின்னாடியிருந்து கட்டிப் பிடிச்சேன்.”

“சாப்பிடறப்பவா?”

“அது நல்ல நாய், யாரையும் ஒண்ணும் செய்யாது, தொட்டுக்கோன்னு அந்த அங்கிள் சொன்னாரே.”

கருப்பு நாய் அந்தப் பக்கம் திரியற தெரு நாயாம். இவ கத்தினதுல பயந்து ஓடியிருக்கு. வாட்ச்மேன் கண்ணுல பட்டது அதோட வால்தான்.

நான் அம்மாவைப் பார்த்தேன். “முதல் நாளே இவ மஞ்சள்னுதான் சொன்னா. சனிக்கிழமை பேப்பர்ல பிட்புல்னு படத்தோட வந்தது. எல்லாரும் கருப்புன்னாங்க. குழந்தை பயத்துல மாத்திச் சொல்றான்னு நினைச்சு, ‘அது கருப்பு நாய்டி, சரியா யோசிச்சுப் பாரு’ன்னு நான்தான்...”

குழந்தை என்ன சொன்னா தெரியுமா? “இப்ப கனவுல கருப்புதான் வருது. ஆனா எனக்கு மஞ்சள்தான் ஞாபகம்.” எது சரின்னு என்னைப் பார்த்துக் கேக்கற மாதிரி சொன்னா. நான் மேலங்கியை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்.

வாத்தியாரைக் கேட்டோம். மனுஷர் நிஜமாவே ஆச்சரியப்பட்டார். “அதுவா? அது லாப்ரடாராச்சே!” அவர் பொய் சொல்லலை அண்ணா. சத்தம் கேட்டு வெளியே வந்தப்ப அது அமைதியா உக்காந்திருந்ததாம், அதனால அவருக்குச் சந்தேகமே வரலை. விருந்தாளிக்குப் போன் பண்ணினார். அவங்களும் நம்பலை. அந்த நாய் மேலயும் எனக்குக் கோபம் வரலை. கட்டிப் போட்டிருக்காங்க, சோறு முன்னாடி இருக்கு, பின்னாடியிருந்து யாரோ அமுக்கறாங்க. அதுக்கு நல்ல பேரு இருந்ததால யாரும் பக்கத்துல நிக்கலை, அவ்வளவுதான்.

செயலாளர்கிட்ட சொன்னோம். “குழந்தை சொல்றதை வச்சு எப்படிம்மா?”ன்னார். பட்டியல் அப்படியே ஒட்டியிருக்கு.

கடைசியா ஒண்ணு. சோதனைக்கூடத்துல இருந்து போன் வந்தது. உருண்டைகிட்ட பிட்புல் துளிகூட இல்லையாம். முழு விவரம் தபால்ல வருதாம். நான் குதிச்சேன். அப்புறம் மாடிப்படியில சீமாட்டி மூச்சு வாங்கிட்டு ஏறி வந்துச்சு, ஒவ்வொரு படிக்கும் நின்னு நின்னு. அக்கா விஷயம் கேட்டுட்டு, “போய்ச் சொல்லிடு. உன் பையன் தப்பிச்சான். என்னுது என்னன்னு யாருக்கும் தெரியாது”ன்னு கண்ணடிச்சாங்க.

சொல்லிடலாம்தானே? ரெண்டு நாயும் இங்கேயே இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனா ஏன் இது எனக்கு உறுத்துது?

தங்கை


மார்ச் 27

வாலு,

சொல்லிவிடு. நான் உன் இடத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். பெரிய தைரியசாலி என்று என்னைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதையும் இப்போதே திருத்திக்கொள்.

நிருபரை அனுப்பினேன், அந்த அம்மாவிடமும் குழந்தையிடமும் பேசினார். திரும்பி வந்து குறிப்பேட்டை என் மேசையில் வைத்தார். “சார், அந்தப் பொண்ணு மூணு வார்த்தையில எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நான் அன்னிக்கே அந்த வீட்டு வாசல்வரைக்கும் போனேன். குழந்தையை ஏன் தொந்தரவு பண்ணணும்னு திரும்பிட்டேன்” என்றார்.

ஆசிரியர் ஒத்துக்கொண்டார். கூட்டம் நடக்கும் ஞாயிறு காலையில் திருத்தம் வரும். முதல் பக்கம் கேட்டேன், “முதல் பக்கத்துல திருத்தம் போட்ட பேப்பரை நீ பார்த்திருக்கியா?” என்றார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன், வழக்கமில்லாத வழக்கமாக. ஐந்தாம் பக்கம் வரை வந்திருக்கிறது. படம் கிடையாது.

ஆனால் தலைப்பு எழுத உட்கார்ந்தபோது மாட்டிக்கொண்டேன். ‘கடித்தது பிட்புல் அல்ல, லாப்ரடார்’ என்று முதலில் எழுதினேன். பளிச்சென்று இருந்தது, யாரும் நின்று படிப்பார்கள். எழுதிவிட்டுப் பார்த்தால், நான் மறுபடி அதையேதான் செய்திருக்கிறேன். நாளைக்கு ஊரில் உள்ள லாப்ரடார் எல்லாம் லிஃப்டில் தனியாகப் போகவேண்டியிருக்கும். அடித்துவிட்டேன். நாலைந்து தடவை மாற்றி, கடைசியில் ‘சாப்பிடும் நாயைக் கட்டிப்பிடித்த சிறுமி: முன் செய்தியில் தவறு’ என்று போட்டிருக்கிறேன். சப்பென்று இருக்கிறது. பக்கத்தில் வேலை செய்பவர் “இதை யார் சார் படிப்பாங்க?” என்றார். எனக்கும் தெரியவில்லை. நடந்ததை மட்டும் சொல்லும் தலைப்பு ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று நீயும் கொஞ்சம் யோசித்துச் சொல்.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று உடனே எழுது. போன் செய்தாலும் எடுப்பேன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

போன் பண்ணலாம்னு எடுத்தேன். ஆனா இதை நீ குறுக்கே பேசாம கேக்கணும்.

பொது அறையில கூட்டம். நாற்காலி போதாம சுவரோரம் நின்னாங்க. நான் உருண்டையையும் கூட்டிட்டுப் போனேன், வீட்ல விட்டா ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கும்னு. டிரைவர் அக்காவும் சீமாட்டியோட வந்தாங்க. அது நேரா ரெண்டாவது வரிசையில ஓய்வுபெற்ற நர்ஸம்மா காலடியில போய்ப் படுத்துக்கிச்சு. எப்பவும் அதுதான் அதோட இடம். அவங்க கையும் தானா அதோட காதுக்குப் போயிடும்.

திருத்தம் வந்த பேப்பரை நான் கொண்டுபோயிருந்தேன். “திருத்தமா? எங்கே?”ன்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க. செயலாளர் வாசிச்சுக் காட்டினார். தையல்காரம்மா எழுந்து நின்னாங்க. “என் பொண்ணு சொன்னதை நான் நம்பலை. பேப்பரை நம்பினேன். நீங்களும் அப்படித்தான்” அப்படின்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க.

அப்புறம் செயலாளர் தொண்டையைக் கனைச்சுட்டு, “இந்தம்மா நாய்க்குச் சோதனை முடிவு வந்திருக்கு. பிட்புல் இல்லை. அதனால அது இருக்கலாம்”னார். உடனே எல்லார் முகமும் மலர்ந்துடுச்சு! “நான் அப்பவே நினைச்சேன், பாவம் சாது”, “கண்ணைப் பார்த்தாலே தெரியுதே”. லிஃப்ட்ல இருந்து இறங்கின ஆளே எட்டி உருண்டை முதுகைத் தட்டினார். நான் சிரிச்சேன் அண்ணா. நிம்மதியா இருந்தது. எழுந்து எதுவும் பேசலை, உக்காந்துதான் இருந்தேன்.

“ஆனா பட்டியல் பட்டியல்தான்”னு பின்னாடியிருந்து ஒருத்தர். “இந்தத் தடவை பிட்புல் இல்லைன்னா அடுத்த தடவை இருக்கும். அதுங்க ரத்தத்துலயே கொலை இருக்கு. ஊசி போட்டுக் கொன்னுடணும்.” நிறைய தலை ஆடுச்சு. நர்ஸம்மா தலையும்தான். ஆடிக்கிட்டே சீமாட்டி காதைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

டிரைவர் அக்கா எழுந்தாங்க. பஸ்ல கூட்டத்தை உள்ளே தள்ளற அதே குரல்.

“யாருக்கு ஊசி போடணும்? காட்டுங்க. இங்கே ரெண்டு நாய் இருக்கு. எது பிட்புல்?”

எல்லாரும் உருண்டையைப் பார்த்தாங்க. இப்பத்தான் இல்லைன்னு சொன்னது ஞாபகம் வந்து திரும்பினாங்க. குழம்பிப் போயிட்டாங்க.

“உங்க காலடியில படுத்திருக்கே, அதுதான். சுத்தமான பிட்புல். உங்க எல்லார் கையிலயும் பிஸ்கட் வாங்கித் தின்னது.”

நர்ஸம்மா சுடுபாத்திரத்தைத் தொட்ட மாதிரி கையை உதறி இழுத்தாங்க. சீமாட்டி ஒண்ணும் புரியாம தலையைத் தூக்கிப் பார்த்துச்சு. சொறிஞ்ச கை எங்கே போச்சுன்னு தேடுச்சு. அக்கா நின்னுட்டே இருந்தாங்க, ஆனா சங்கிலியைக் கையில ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க எல்லாத்தையும் பணயம் வச்சுட்டாங்கன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது. நானும் எழுந்து பக்கத்துல போய் நின்னேன். “சீமாட்டி போகணும்னா உருண்டையும் போவான், நானும் போவேன்”னு வாயில வந்துடுச்சு. யோசிச்சுப் பேசலை.

நர்ஸம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா எழுந்தாங்க. “ஆறு வருஷமா நான் இந்தக் காதைச் சொறியறேன். பத்து விரலும் இருக்கு.” கையை விரிச்சுக் காட்டினாங்க. “இப்ப ஏன் இழுத்தேன்னு எனக்கே தெரியலை.” யாரோ சிரிச்சாங்க. செயலாளரும் சிரிச்சுட்டார், சிரிச்சுட்டுக் கண்ணாடியைத் துடைச்சார். “நான்கூடத் தினம் இதுக்கு பிஸ்கட் போடறேன்”னு முணுமுணுத்தார்.

எல்லாரும் மனசு மாறிட்டாங்கன்னு நினைக்காதே. கை தூக்கச் சொன்னப்ப கொஞ்ச வித்தியாசத்துலதான் பட்டியல் தோத்துப்போச்சு. பட்டியல் வேணும்னு கை தூக்கின ஒருத்தர் இப்பவும் எங்களைப் பார்த்தா லிஃப்டை விட்டுட்டுப் படியில இறங்கிப் போறார். பட்டியலுக்குப் பதிலா எல்லா நாய்க்கும் பொதுவா விதி: சங்கிலி கட்டணும், பொது வழியில சோறு வைக்கக்கூடாது, பெரியவங்க இல்லாம குழந்தைகளைப் பக்கத்துல விடக்கூடாது. அதை எழுதினது செயலாளரும் வாத்தியாரும் சேர்ந்து. உன் தலைப்பு மாதிரியே சப்புன்னு இருக்கு. சப்புன்னு இருக்கறதுதான் அதோட நல்ல குணமோ என்னவோ.

நேத்து தையல்காரம்மா மேலங்கியோட வந்தாங்க. குழந்தையும் வந்தா. வாசல்லயே நின்னு, உருண்டை வந்து மோந்து பார்க்கற வரைக்கும் காத்திருந்தா. யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. “இப்ப பயம் போயிடுச்சா?”ன்னு கேட்டேன்.

“கருப்பு நாய்கிட்ட பயம் இல்லை. மஞ்சள் நாய்னா பயம். மஞ்சள் எல்லாமே கெட்டதுதானே?”

நேத்துத்தான் சோதனைக்கூடத்துத் தபாலும் வந்திருந்தது. அஞ்சாறு இனம் கலந்திருக்கு, பாதிக்கு மேல அவங்களாலேயே சொல்ல முடியலை. அதுல நாலுல ஒரு பங்கு என்ன தெரியுமா? லாப்ரடார். அதை அவகிட்ட சொன்னேன்.

அவ ரொம்ப நேரம் உருண்டையைப் பார்த்தா. “எந்தப் பங்கு?”ன்னா. ஒவ்வொரு காலாத் தூக்கிப் பார்த்தா. வாலைப் பார்த்தா. வயித்துக்கு அடியில மஞ்சள் முடி இருக்கான்னு தரையில படுத்துத் தேடினா. அவன் பொறுமையா எல்லாத்துக்கும் காட்டிக்கிட்டு நின்னான். கடைசியில காதுக்குப் பின்னாடி ஒரு விரலை வச்சு, “இந்த இடம் எது?”ன்னு கேட்டா.

“தெரியலையே”ன்னேன்.

உருண்டை கண்ணை மூடிக்கிட்டான். அவளும் விரலை எடுக்கலை.

தங்கை